சின்ன மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள்?

கேள்வி: ஐயா, நாங்கள் ஏற்காட்டில் நாகலூர் பக்கம். அம்மாவுக்கு 56 வயது, காபித் தோட்டத்தில் பழம் பறித்தவர். எடை 47 கிலோ. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. நுரையீரலில் டிபி என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையை, தினம் மூன்று வீதம், ஐந்து மாதமாகச் சாப்பிடுகிறார். இருமல் நின்றுவிட்டது, முகம் தெளிந்துவிட்டது. ஆனால் மூன்றாவது மாதத்திலிருந்து இரண்டு பாதமும் எரிகிறது, ராத்திரியில் போர்வை பட்டாலே கத்துகிறார். நாள்பட்ட கிருமி நரம்பை அரித்துவிட்டது, சத்து மாத்திரைதான் வழி என்று அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் நாலு டப்பா அனுப்பினார். சேலத்தில் மெடிக்கலில் கேட்டு நரம்பு மாத்திரையும் வாங்கினோம். எல்லாவற்றின் பட்டியலும் இத்துடன் வைத்திருக்கிறேன். எதைத் தொடரலாம்? வாரம் ஒரு நரம்பு ஊசி போடச் சொல்கிறார்கள், போடலாமா? டிபி மாத்திரையைப் பத்து நாள் நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்தாதீர்கள். பத்து நாள் என்ன, ஒரு நாள்கூட நீங்களாக நிறுத்தக் கூடாது. ஐந்து மாதம் அடிவாங்கி இன்னும் சாகாமல் ஒளிந்திருக்கும் கிருமிக்கு நடுவில் ஓய்வு கொடுத்தால், மருந்துக்கு அடங்காத டிபியாக அது திரும்பி வரலாம். அந்த டிபிக்குத் தரும் மருந்துகளில் லினிசோலிட் என்று ஒன்று உண்டு. பாதத்தை எரிய வைப்பதில் அது இப்போதைய மாத்திரைக்கு அண்ணன். பி6 வைட்டமின் கொடுத்தும் அதைத் தடுக்க முடிவதில்லை. எரிச்சல் தாங்காமல் நிறுத்தப் போய் அதைவிட எரிக்கிற மருந்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். கண் வெள்ளை மஞ்சளானாலோ, வாந்தி நிற்காமல் சோறே இறங்காமல் போனாலோ, பார்வை மங்கினாலோ மட்டும் அடுத்த வேளை மாத்திரைக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அப்போதும் எதை நிறுத்துவது, எதை மாற்றுவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது பட்டியலுக்கு வருவோம். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைக்கூட விடவில்லை. (உங்கள் ஊரில் அட்டை என்றாலே மழைக்காலத்தில் காலைக் கடிப்பதுதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது மாத்திரை அட்டை.) அதில் ஏழாவது வரியை மூன்று முறை படித்தேன். "சுகாதார நிலையத்தில் கொடுத்த சின்ன மாத்திரை: இரண்டாவது மாதமே நிறுத்திவிட்டோம், பெரிய சத்து மாத்திரை வாங்கியதால்." உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அந்த வரியிலேயே இருக்கிறது.

அந்தச் சின்ன மாத்திரையின் பெயர் பைரிடாக்சின், அதாவது பி6. பெரும்பாலும் 10 மில்லிகிராம். விலை சொற்பம், பளபளப்பான டப்பா கிடையாது, பார்த்தால் மதிப்பே வராது. ஆனால் டிபி மாத்திரையோடு அதைச் சேர்த்துக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அம்மா சாப்பிடும் டிபி மாத்திரை ஒவ்வொன்றிலும் 75 மில்லிகிராம் ஐசோனியாசிட் இருக்கிறது. மூன்று மாத்திரைக்கு 225. காசநோய்க் கிருமியைக் கொல்வதில் இது கெட்டிக்கார மருந்து. கூடவே ஒரு வேலை செய்யும். உடம்பில் இருக்கும் பி6-ஐப் பிடித்துக்கொண்டு சிறுநீர் வழியாக இழுத்துப் போய்விடும், மிச்சம் இருப்பதையும் வேலை செய்ய விடாது. நரம்புக்கு பி6 இல்லாமல் நாள் ஓடாது. உடம்பிலேயே நீளமான நரம்பு பாதத்துக்குப் போவது, அதனால் முதலில் கத்துவது கால் விரல் நுனி. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. சர்க்கரை இருப்பவர்கள், மெலிந்தவர்கள், கர்ப்பிணிகள், குடிப்பவர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள், அப்புறம் இந்த மருந்தை மெதுவாக உடைக்கிற ஈரல் வாய்த்தவர்கள், இவர்களுக்குத்தான் அதிகம். அம்மா இதில் குறைந்தது ஒரு வரிசையில் நிற்கிறார்.

இதைக் கண்டறிந்ததில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்து ஆய்வுக்கென்று ஒரு மையம் தொடங்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் டிபி குணமாகும் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியவர்கள் அவர்கள். ஐசோனியாசிட் அதிகமாகச் சாப்பிட்ட நோயாளிகளுக்குக் கொஞ்சமாக பி6 சேர்த்துக் கொடுத்தால் கால் எரிச்சல் வராமல் தடுக்கலாம் என்ற ஆய்வும் அங்கிருந்து 1963-ல் வெளிவந்தது. நீங்கள் நிறுத்திய சின்ன மாத்திரைக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

சரி, அதற்குப் பதிலாக வாங்கிய பெரிய மாத்திரையில் என்ன இருந்தது? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: மீத்தைல்கோபாலமின் 1500 மைக்ரோகிராம், ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட் 100 மில்லிகிராம். முதலாவது பி12. இரண்டாவது சர்க்கரையால் வரும் எரிச்சலுக்கு, அதுவும் 600 மில்லிகிராம் அளவில், ஓரளவு பயன் தருவதாகச் சில ஆய்வுகள் சொல்வது. இரண்டிலும் பி6 கிடையாது. ஓட்டை குடத்தின் அடியில் இருக்க, நீங்கள் மூடியை மாற்றியிருக்கிறீர்கள். அடுத்த மாதமே பாதம் எரிய ஆரம்பித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அப்புறம் மச்சானின் டப்பா. 'பி-100' என்று எழுதியிருப்பதில் ஒரு மாத்திரைக்கு 100 மில்லிகிராம் பி6. காலை ஒன்று, இரவு ஒன்று, ஆக 200. கூட இரவில் பி-காம்ப்ளெக்ஸில் ஒரு 3. மொத்தம் 203. மனிதனுக்கு ஒரு நாள் தேவை சுமார் 2 மில்லிகிராம்தான். நூறு நாள் தேவையை ஒரே நாளில் விழுங்குகிறார், ஆறு வாரமாக.

"தண்ணீரில் கரைகிற வைட்டமின்தானே, அதிகமானால் சிறுநீரில் போய்விடாதா?" என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்பதுதான். பி6-க்கு அந்தக் கணக்கு செல்லாது. குறைந்தால் எந்த நரம்பைக் கெடுக்குமோ, கூடினாலும் அதே நரம்பைத்தான் கெடுக்கும். 1983-ல் அமெரிக்க மருத்துவர்கள் ஏழு பேரைப் பற்றி எழுதினார்கள். நாளுக்கு 2,000 முதல் 6,000 மில்லிகிராம் வரை பி6 சாப்பிட்டு, கால் எங்கே வைக்கிறோம் என்றே தெரியாமல் தள்ளாடியவர்கள் அவர்கள். அதற்கு எவ்வளவோ குறைந்த அளவிலும், மாதக் கணக்கில் எடுத்தால் இதே கோளாறு வருவதைப் பிறகு பார்த்தார்கள். 2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பெரியவர்களுக்கு மேல்வரம்பை நாளுக்கு 12 மில்லிகிராம் என்று குறைத்துவிட்டது. அமெரிக்காவில் வரம்பு இன்னும் 100. மச்சான் இருக்கும் ஊர்க் கணக்குப்படியே இரண்டு மடங்கு.

இதை எனக்கு நெஞ்சில் பதிய வைத்தவர் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசு செய்யும் ஒருவர். கொலுசு முத்தை விரலால் உருட்டிப் பார்த்தே அளவு சொல்பவர், விரலுக்கு முத்து தெரியவில்லை என்று வந்தார். டிபி கிடையாது, சர்க்கரை கிடையாது. மஞ்சப்பையில் இருந்ததை மேசையில் கொட்டச் சொன்னேன். மூன்று கடையில் வாங்கிய மூன்று வித நரம்பு மாத்திரை. மூன்றிலும் பி6. இரண்டு வருடமாக ஒன்றை நிறுத்தாமல் அடுத்ததைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார். எல்லாவற்றையும் நிறுத்தினோம். நிறுத்திய இரண்டு மூன்று வாரத்துக்கு மரமரப்பு இன்னும் கூடியது. இந்தக் கோளாறின் குணம் அது. அவர் என்னைத் திட்டிக்கொண்டே திரும்பி வந்தார். பழையபடி முத்து தட்டுப்பட ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

அம்மாவுக்கு அந்த நிலை வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. டப்பா வருவதற்கு முன்பே எரிச்சல் வந்துவிட்டது, ஆகவே தொடங்கி வைத்தது டப்பா இல்லை. ஐசோனியாசிட்டால் எரிச்சல் வந்துவிட்டால் மருத்துவர்களே நாளுக்கு 100 மில்லிகிராம் பி6 கொடுப்பது வழக்கம். எரிச்சல் அடங்கியதும் மறுபடி 10-க்கு இறக்கிவிடுவார்கள். அளவும் காலமும் தெரிந்து கொடுப்பது அது. டப்பா தீரும்வரை சாப்பிடுவது வேறு. எனவே பி-100 டப்பாவை இன்றே மூடி வையுங்கள். சின்ன மாத்திரையை இன்றே திரும்பத் தொடங்குங்கள், வீட்டில் இல்லாவிட்டால் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கொஞ்ச காலத்துக்கு அதை 100 ஆக்க வேண்டுமா என்பதை அங்குள்ள மருத்துவர் காலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லாப் பழியையும் பி6 மேல் போடவும் எனக்கு மனமில்லை. ஒன்பது வருடச் சர்க்கரையும் பாதத்தை எரிக்கும். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டிபி மாத்திரையில் ரிஃபாம்பிசின் என்று ஒன்று உண்டு, சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குவது அதுதான் (சூடு பிடித்துவிட்டது என்று இளநீர் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள்). அது ஈரலை முடுக்கிவிட்டு மற்ற மருந்துகளைச் சீக்கிரம் கரைத்துவிடும். அம்மா சர்க்கரைக்குச் சாப்பிடும் கிளைமிபிரைடும் அப்படிக் கரைகிற ரகம். போன வருடம் சர்க்கரையைப் பிடித்து வைத்த அதே மாத்திரை இந்த வருடம் பிடிக்காமல் போயிருக்கலாம். கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையைச் செய்யுங்கள். அந்த ஒரு எண் சரியானால் சில சமயம் சின்ன மாத்திரையைத் தவிர வேறு எந்த வைட்டமினும் தேவைப்படாது.

அவர் சாப்பிடும் இன்னொரு சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின். வருடக் கணக்கில் எடுத்தால் உணவிலிருந்து பி12 உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். நீங்கள் கேட்ட ஊசி அந்த பி12-தான். குறைவு இருந்தால் ஊசி நல்லது, நானே போடச் சொல்வேன். ஆனால் ரத்தத்தில் பார்த்துவிட்டுப் போட வேண்டும். ஊசி போட்ட பிறகு பார்த்தால் ரத்தத்தில் நிறைய இருப்பதாகத்தான் காட்டும், உண்மை நிலை தெரியாது. அம்மா ஏற்கெனவே மூன்று மாதத்துக்கு மேல் பி12 மாத்திரை சாப்பிட்டிருப்பதால் பரிசோதனை முடிவைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து சாப்பிட்டார் என்று மருத்துவரிடம் எழுதிக் கொடுங்கள்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். காலையில் அம்மா முகம் கழுவும்போது பக்கத்தில் நில்லுங்கள். சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் தள்ளாடுகிறாரா? ரப்பர் செருப்பு காலிலிருந்து கழன்று போனது தெரியாமல் இரண்டு எட்டு நடந்துவிடுகிறாரா? எரிச்சல் மட்டும் என்றால் மெல்லிய நரம்பின் தொந்தரவு. தள்ளாட்டமும் செருப்பு நழுவுவதும் சேர்ந்தால் பருத்த நரம்போ முதுகுத் தண்டோ பாதிக்கப்படுகிறது. அப்போது பி12 குறைவையும் பி6 மிகுதியையும் இன்னும் தீவிரமாகத் தேட வேண்டும். உடம்பில் எங்காவது வெளிறிய, தொட்டால் உணர்வு தெரியாத தேமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். தொழுநோய் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. அதுவும் நரம்பில் குடியிருக்கும் நாள்பட்ட கிருமிதான், அதற்கும் மருந்து இலவசம்.

கிருமி நரம்பை அரித்துவிட்டது என்று மச்சான் சொன்னதைப் பற்றி. அவர் ஊரில் லைம் நோய் என்று ஒன்று உண்டு. காட்டு உண்ணி கடித்து வருவது, கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் ஒரு சிற்றூரின் பெயரால் வழங்குவது. முகவாதம், கை கால் மரமரப்பு என்று அது நரம்பைத் தொடும். சிகிச்சை முடிந்த பிறகும் சிலருக்கு வலியும் அசதியும் மாதக் கணக்கில் நீள்வதால் அங்கே சத்து மாத்திரை வியாபாரம் அமோகமாக நடக்கிறது. மச்சான் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு நல்ல மனதோடு அனுப்பியிருக்க வேண்டும். நுரையீரல் டிபி அப்படிப் பாதத்து நரம்பைத் தேடிப் போய் அரிப்பதில்லை. டிபி நரம்பு மண்டலத்தைத் தொட்டால் மூளைச் சவ்விலும் முதுகெலும்பிலும்தான் தொடும், அதன் அறிகுறியே வேறு. விடாத தலைவலியோடு வாந்தி, குழப்பமான பேச்சு, வலிப்பு, முதுகு வலியோடு கால் பலம் குறைவது, சிறுநீர் அடைப்பது. இதில் ஒன்று வந்தாலும் வைட்டமின் கணக்கெல்லாம் அப்புறம். அன்றைக்கே மலை இறங்கிச் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மீதி மூன்று டப்பாக்களைச் சீக்கிரம் முடிக்கிறேன். மஞ்சள் சாறு மாத்திரை, அஸ்வகந்தா: இரண்டும் வேண்டாம். இரண்டாலும் ஈரல் வீங்கியவர்கள் உண்டு. டிபி மருந்து ஏற்கெனவே ஈரலுக்குச் சுமை. நாளைக்குக் கண் மஞ்சளானால் எது காரணம் என்று தெரியாமல் டிபி மருந்தையே நிறுத்த வேண்டி வரும். ரசத்தில் போடும் மஞ்சளையும் உங்கள் ஊர் மிளகையும் நான் சொல்லவில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும். மக்னீசியம், துத்தநாகம் கலந்தது: தேவையில்லை. டப்பா கணக்கில் வராத இன்னொன்று, மெடிக்கலில் வாங்கிய வாரம் ஒரு 60,000 யூனிட் வைட்டமின் டி. யார் எழுதிக் கொடுத்தது, எத்தனை வாரத்துக்கு என்று பட்டியலில் இல்லை. எட்டு வாரத்துக்கு எழுதியதை எண்பது வாரம் சாப்பிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மலச்சிக்கலுமாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டிபி இருப்பவர்களுக்குக் கால்சியம் தானாகவே ஏறும் வாய்ப்பும் உண்டு. இப்போதைக்கு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

டப்பாவுக்கு ஆகும் காசு தட்டுக்கு வரட்டும். கொண்டைக்கடலை, மலைவாழைப்பழம், உங்கள் ஊரில் விளையும் பட்டர் ஃப்ரூட், முட்டை, ஈரல், மீன். பி6, பி12 இரண்டுமே இதில் வந்துவிடும், சோற்றிலிருந்து வரும் பி6 யாரையும் கெடுத்ததில்லை. வாழைப்பழத்தை மட்டும் சர்க்கரைக்காக அளவோடு கொடுங்கள். மீனில் சூரை, கானாங்கெளுத்தி இரண்டும் மருந்து முடியும்வரை வேண்டாம். ஐசோனியாசிட்டோடு சேர்ந்தால் சிலருக்கு முகம் சிவந்து தலை இடிக்கும். மலை ஏறி வருவதற்குள் மீன் எவ்வளவு பழசாகிறது என்பது உங்களுக்கே தெரியும். ஊட்டச்சத்துக்காக அரசு தரும் பணம் 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். அம்மாவின் வங்கிக் கணக்கில் ஏறுகிறதா என்று சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

இனி பாதம். மார்கழிக் குளிரில் அடுப்பு ஓரம் காலை நீட்டி உட்காரும் பழக்கம் உங்கள் பக்கம் உண்டு. அம்மாவுக்கு இப்போது அது ஆகாது. எரிகிற கால்தான் சூடு தெரியாத காலும். தோல் வெந்த பிறகுதான் அவருக்கே தெரியும். கல் உப்பு போட்ட வெந்நீரில் கால் வைப்பதும் அப்படித்தான், வைத்தே ஆக வேண்டும் என்றால் நீங்கள் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகு வையுங்கள். ராத்திரி தூக்கமே இல்லை என்றால் எரிச்சலுக்கென்று தனி மாத்திரை இருக்கிறது, மருத்துவர் எழுதித் தருவார். தூக்கக் கலக்கம் தரும் மருந்து அது, ராத்திரி பாத்ரூம் போகும்போது கூட ஒருவர் இருக்க வேண்டும்.

மச்சானிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை ஏதாவது அனுப்ப வேண்டும் என்று துடித்தால் அம்மாவுக்கு ஒரு ஜோடி மெத்தென்ற ஷூ அனுப்பச் சொல்லுங்கள். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு காகிதத்தில் நிற்க வைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து, நீளமான விரலுக்கு முன்னால் அரை அங்குலம் விட்டு அளவு கொடுங்கள்.